கற்பூரத் தட்டில் ஒரு கால்

பூச்சிகளோடு எனக்குப் பகை இல்லை. நான் நாள்தோறும் ஓதும் பதிகங்களில் வண்டுகள் இறைவனின் கொன்றை மாலையை மொய்த்துப் பண் பாடுகின்றன. ஆனால் பல்கலைக்கழக விடுமுறையில், பலாங்கொடைக்கு மேலுள்ள எங்கள் தோட்ட வீட்டுக்கு மகள் கொண்டுவந்த பெட்டியில் இருந்தவை எந்த மாலையையும் நாடியிரா.

தென்னமெரிக்கக் காடுகளின் தொங்கும் ஈக்கள் அவை. செத்து, ஊசியில் குத்தப்பட்டு, ஆய்வுக்காக இரவல் வாங்கியவை. சிதைந்தால் அவளுடைய பட்டம் நின்றுபோகும். எங்கள் மழையில் பூஞ்சணம் பிடிக்காத இடம் விளக்கெரியும் சுவாமி மாடம் ஒன்றே என்று அதன் கீழ்த்தட்டில் வைத்தாள். பூச்சி அரிக்காதிருக்க உள்ளே கற்பூரமும் இட்டாள்.

அவள் விளக்கியதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்னங்கால்களால் கொப்பைப் பற்றித் தொங்கியபடி, பின்னங்கால்களால் இரையைப் பிடித்து உறிஞ்சுமாம். ஆண், செத்த ஈயொன்றைக் காட்டிப் பெண்ணை அழைக்குமாம். பாதத்தில் ஒற்றை நகம் என்றால் குடும்பம் தெரியும். சிறகின் நரம்பு எங்கே முடிகிறது என்பது பேரினத்தைச் சொல்லும். இனம் அறியவோ, ஆணின் வால்நுனியை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டுமாம். படித்த பெண் பார்க்கும் இடமா அது?

வெள்ளிக்கிழமை மாலை தீபாராதனை காட்டி, சுடரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தட்டில், எரியாது எஞ்சிய துண்டோடு மயிரிழை போன்ற நீண்ட கால் ஒன்று ஒட்டியிருந்தது. வீட்டில் கற்பூரம் தீர்ந்துபோக, மழையில் கடைக்கு இறங்க மனமின்றி, மனைவி பெட்டிக்குள் இருந்ததை எடுத்து வைத்திருக்கிறாள். பிணங்களோடு கிடந்த கற்பூரம். முற்றத்துக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

“சாமி ஒண்ணும் சொல்லலீங்க. உங்களுக்குத்தான் வயித்தப் பொரட்டுது,” என்றாள் அவள்.

பெட்டியை மழையில் எறியப்போவதாகச் சொன்னேன். மகள் அதைக் காதில் வாங்கவில்லை. முகம் வெளுத்துத் தட்டையே பார்த்தாள்.

“அத கழுவிடாதீங்கப்பா. எதோட காலுன்னு பாக்கணும்.”

மனைவிக்குக் கை நடுங்கும். எனவே சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நானே டோர்ச் பிடித்தேன். மகள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றுக்கு நடுக்கால் இல்லை. சிறகு முழுதாக இருந்தது. நரம்பு முடியும் இடமும், அந்த அசிங்கமான வால்நுனியும்கூட. இனம் அறிய வேண்டியவை கெடவில்லை என்று அவள் மூச்சுவிட்டாள். காலைச் சிறு உறையிலிட்டு அந்த ஈயின் ஊசியிலேயே குத்தினாள். இரவல் தந்தவர்களுக்கு உள்ளதைத் தெரிவித்துவிடுவாளாம்.

மறுநாள் பஸ் ஏறிப் போய் இரண்டு பொட்டலம் கற்பூரம் வாங்கிவந்தேன். ஒன்றை மாடத்தில் வைத்தேன். மற்றதை, கீழ்த்தட்டைப் பாராமல், மகளிடம் நீட்டினேன்.

பெட்டி அங்கேயே இருக்கிறது. பதிகம் ஓதுகையில் கண்களை இறுக மூடிக்கொள்கிறேன். அது பக்தியால் என்று மனைவி நம்புவதாகத் தெரியவில்லை.