அஜின்கோர்ட்டில் எரிவாயு வரிசை

விடிந்தால் இரண்டாயிரமாம் ஆண்டு. கணினிகள் குழம்பி மின்சாரம் நின்றுவிடும் என்று கனடாவின் டொராண்டோ நகரமே சாமான் வாங்கிக் குவிக்கிறது. மதுரைக்காரனான எனக்குத் தேரோட்டத்துக்கு முந்தின நாள் போலிருக்கிறது. நண்பர் கொடுத்தனுப்பிய வெறும் சிலிண்டரோடு நகரின் அஜின்கோர்ட் பகுதியில் எரிவாயு வரிசையில் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் ரதி என்ற யாழ்ப்பாணத்து அக்கா. பிள்ளைகளின் பனிச்சறுக்குப் பலகையில் இரண்டு சிலிண்டர்களைக் கட்டி இழுத்து வந்திருக்கிறார். அவருக்கு நிரப்பியதும் எரிவாயு தீர்ந்துவிடுகிறது. எனக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைக்காரர், அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், வாடிப்போகிறார். அவருடைய காரின் முன்னிருக்கையில் தோட்டாப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.

அக்கா அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ பேசுகிறார். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டியதும், நிரப்பிய சிலிண்டர் ஒன்றை அவரிடம் கொடுக்கிறார்.

"என்னக்கா பேசினீங்க?"

"என்ர பிள்ளையள் அவற்ர வீட்டு வளவுக்கதான் விளையாடுறவை. கரண்ட் நிண்டா இருட்டில ஆரெண்டு தெரியாமச் சுட்டுப்போடுவார். துவக்கையும் தோட்டாவையும் பூட்டி வையுங்கோ, காஸ் தாறன் எண்டனான். நீங்களும் இவற்ர காரில வாங்கோ தம்பி, எல்லாருக்கும் புட்டு அவிக்கிறன்."

வெள்ளைக்காரர் தோட்டாப் பெட்டிகளை எடுத்து டிக்கியில் வைத்துப் பூட்டுகிறார். காலியான முன்னிருக்கையில் நான் ஏறிக்கொள்கிறேன்.