பேனரில் இருந்த கை

மேடைக்காரர் கட்சியில் சேர்ந்தபோது அவருக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன. முதல் தேர்தலுக்கு மேடை போட்டபோது இரும்புக் குழாய் விழுந்து வலது மோதிர விரலில் பாதி போனது. "கட்சிக்காகக் கொடுத்தேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கட்சி ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

அதன்பிறகு எத்தனையோ மேடை போட்டார். ஏறியவர்களெல்லாம் பிழைத்துக்கொண்டார்கள், இவர் கீழே குனிந்து ஆணி பொறுக்கினார். ஒருவழியாக இந்தத் தடவை, "வார்டுக்கு நீங்கதாண்ணே வேட்பாளர்" என்று செயலாளர் தோளில் கைபோட்டுச் சொன்னார். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புதுச் சட்டை தைத்து, பேனர் கடை வைத்திருக்கும் மச்சினனிடம் போய், மக்களைப் பார்த்துக் கையை உயர்த்தியபடி படம் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே கல்குவாரி முதலாளி கட்சியில் சேர்ந்தார். சேர்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாங்கினார் என்பதே பொருத்தம். கட்சி அலுவலகத்துக்கு ஏசி வந்தது. கூடவே தலைவருக்கு ஞானமும் வந்து, வார்டு முதலாளிக்குப் போனது.

கடைத்தெருவில் கட்டிய பேனரை முதலில் பார்த்தவள் மேடைக்காரரின் மனைவி.

"என்னங்க இது! மூஞ்சி அந்தாளோடது, கை உங்களோடது!"

பேனர் கட்டிய கயிறும் கையுமாக நின்ற மச்சினன் தலையைச் சொறிந்தான். "முதலாளி யாரைப் பார்த்தும் கையைத் தூக்கினதே இல்லையாம் மாமா. அப்படி ஒரு போட்டோகூட இல்ல. அவசரம்னு உயிரை வாங்கினாங்க. உங்க படத்துல தலையை மட்டும் மாத்திட்டேன்."

மேடைக்காரர் நேரே செயலாளரிடம் போனார். அந்த ஆளுக்குக் கூச்சமே இல்லை.

"விடுங்கண்ணே. உழைச்ச கைன்னு ஜனங்க உருகுறாங்க. முதலாளியும் விரலை மடக்கிக் காட்டப் பழகிட்டாரு. நீங்க தேர்தல் முடியற வரைக்கும் கையைப் பாக்கெட்டுலயே வச்சுக்கங்க."

அறிமுகக் கூட்டத்துக்கு மேடை போட்டதும் இவர்தான். வேறு யாருக்குத் தெரியும் அந்த வேலை! பேனரைப் பின்னால் கட்டிவிட்டு, இறங்கி முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றார், கை பாக்கெட்டில். முதலாளி விரலை மடக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். அந்தக் கட்சியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. வேட்பாளரை அறிவித்ததும், எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்று செயலாளர் சொல்வார். யாரும் தூக்கியதில்லை; அவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்."

மேடைக்காரர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து, படத்தில் இருந்தபடியே உயர்த்தினார்.

கூட்டம் அந்தக் கையைப் பார்த்தது, பேனரைப் பார்த்தது, மறுபடி கையைப் பார்த்தது. மேடையில் பதறிப்போன முதலாளியின் விரல் தானாக நிமிர்ந்துவிட்டது. கூட்டத்தில் முதலில் சிரித்தவள் மேடைக்காரரின் மனைவி. "ஒருமனதாக..." என்று செயலாளர் மைக்கில் கத்தியது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை.