சத்தமில்லாமல் பார்த்த சீமை நாடகங்கள்

குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தெருக்காரர்கள் படித்தால் என்னை வைவார்கள், வையட்டும். வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. இரவு பகல் பார்க்காமல் விசைத்தறி ஓடும். "சோறு போடும்மா" என்பதைக்கூட ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானியில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் கத்தி வளர்ந்தவள் நான். பட்டறைக்குள் போய்விட்டால் அந்தக் கத்தலும் எடுபடாது. அங்கே உதட்டசைவும் கைச்சாடையும்தான் பேச்சு. அம்மா ஒரு கோடியில் நின்று வாயை அசைப்பாள், மறுகோடியில் அப்பா புரிந்துகொண்டு தலையாட்டுவார். சண்டைகூட அப்படித்தான் போடுவார்கள்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பிடித்த பைத்தியம் எது தெரியுமா? பிரிட்டிஷ்காரர்களின் டிவி நாடகம். பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் அப்பாவின் பழைய போன் என் கைக்கு வந்தது. எதையோ தேடப்போய் ஒரு துப்பறியும் தொடரில் மாட்டிக்கொண்டேன். சின்னக் கிராமம், ஒரு சர்ச், பூப்போட்ட கோப்பையில் டீ குடிக்கும் கிழவிகள், வாரம் தவறாமல் ஒரு பிணம். இத்தனை கொலை விழுந்தும் அந்த ஊரை விட்டு ஒருத்தராவது காலி பண்ணிக்கொண்டு போகிறார்களா பாருங்கள்! அதிலிருந்து பழங்காலத்துக் கதைகளுக்குத் தாவினேன். குதிரை வண்டி, மெழுகுவத்தி, தரையைக் கூட்டும் பாவாடை, மனதில் இருப்பதை ஆறு பாகம் முடியும்வரை வாயைத் திறந்து சொல்லாத ஆம்பளைகள். பிறகு மேடையில் நடத்திப் படம் பிடித்த பழைய நாடகங்கள். ஒன்றையும் விடவில்லை.

எல்லாவற்றையும் சத்தமில்லாமல்தான் பார்த்தேன். தறி ஓடும் வீட்டில் இயர்போன் மாட்டினாலும் ஒரு மண்ணும் கேட்காது. கீழே ஓடும் எழுத்தைப் படித்தே பழகிவிட்டேன். கரண்ட் நின்ற நாட்களில் தறியும் நிற்கும்தான். ஆனால் அன்றைக்குத்தான் துணி துவைப்பது, விசேஷ வீட்டுக்குப் போவது எல்லாம். போனை மியூட்டிலேயே வைத்து வைத்து, அதற்குச் சத்தம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

அதனால் அவர்களுக்குக் குரல் கொடுத்தது நான்தான். மாளிகைத் துரைக்கு எங்கள் நூல்கடைக்காரர் குரல். சமையல்காரிக்கு என் அத்தை குரல். எல்லாரும் என் மண்டைக்குள் எங்கள் தெரு மாதிரியே தொண்டை கிழியக் கத்தினார்கள். இங்கிலாந்தில் ஒரு ஹாலில் நான்கு பேர் உட்கார்ந்து டீ குடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பாலம் தாண்டிப் போய் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். முதல் வருஷமே துறையில், நான் போனில் பலமுறை பார்த்த ஒரு பழைய ஆங்கில நாடகத்தைப் போடப்போவதாக அறிவிப்பு. பல வருஷம் வேலை பார்த்த வீட்டை விட்டுப் போகும் ஒரு பெண், மனதுக்குள் விரும்பிய எஜமானரிடம் விடைபெறுகிற காட்சி. வகுப்பில் என்னைத் தவிர யாருக்கும் இதெல்லாம் தெரியாது. அந்த வேஷம் எனக்குத்தான் என்று சாமி சத்தியமாக நம்பினேன். ராத்திரி பகலாக வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றேன்.

வாயைத் திறந்தேன். முதல் வரியிலேயே ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் புரியவில்லை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். நாடகத்தை நடத்திய மேடம் நல்லவர், கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, எஜமானர் பக்கத்துலதானே நிக்கிறார்? எதுக்கு அவரோட சண்டைக்குப் போற? இங்கிலீஷ்காரங்க எப்படிப் பேசறாங்கன்னு நல்லாக் கேட்டுட்டு வா. திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம்."

கேட்டுவிட்டு வருவதாம்! பஸ்ஸில் வரும்போதே அழுகை முட்டியது. வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டு நேராகப் பட்டறைக்குள் போய் அப்பாவுக்கு எதிரே நின்று கத்தினேன். "இந்த எழவெடுத்த தறியால எனக்கு எதுவுமே கேக்கலீங்கப்பா! இந்த ஊட்ல மனுசன் இருப்பானா?" அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு அறுந்த நூலை முடியப் போய்விட்டார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி அம்மாவிடம் நாடகத்தையும் திங்கட்கிழமையையும் சொல்லி அழுது தீர்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கரண்ட் இருக்கும்போது தறியை நிறுத்துகிற வழக்கமே எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, மோட்டார் போச்சுங்களா?" "இல்லீங்க, பாப்பா நாடகம் கேக்கோணுமாம்" என்று அம்மா சொன்னாள். அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

பக்கத்துப் பட்டறைச் சத்தம் வராமல் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாயில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் போனைச் செம்பில் சாய்த்து வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். அந்த விடைபெறும் காட்சி வந்தது. அடேயப்பா! அவள் பேசவே இல்லை, மூச்சுதான் விட்டாள். அந்த மூச்சில் இரண்டு மூன்று வார்த்தை இருந்தது. எஜமானர் அதைவிட மெதுவாக ஏதோ சொன்னார். இத்தனை வருஷமாக எழுத்தில் படித்த வரிதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாமலே கண் கலங்கியது.

அப்பா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு காதை ஒட்ட வைத்தார். கையில் எடுத்து மெல்லத் தட்டினார்.

"சத்தம் வெக்கலியா சாமி?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதும் ஓடும் தறிக்கு நடுவில், எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசும் வீட்டில், ஒரு மனுசனுக்குக் காது போனால் யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியவில்லை. தறி நின்ற பிறகும் காதில் இரைச்சல் நிற்காது என்று பட்டறைக்காரர்கள் எல்லாருமே சொல்வார்கள்; கேட்காததெல்லாம் அந்தச் சத்தத்தால்தான் என்று இருந்திருக்கிறார்.

"போன் ரிப்பேருங்கப்பா" என்றேன். வேறென்ன சொல்வது? "அட, அப்பிடியா" என்று எழுந்து போய்த் தறியைப் போட்டுவிட்டார். எனக்காக ஒரு வேலை செய்ய நினைத்து அது நடக்காமல் போன வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் நான் கல்லூரிக்குப் போனதும் அந்தப் போனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடைக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் சரிசெய்து தர வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். சாயங்காலம் நான் வந்தபோது போனை என் கையில் கொடுத்தார்.

"கடைக்காரரு ரெண்டு பாட்டுப் போட்டுப் பாத்தாரு சாமி. கடையில இருந்தவங்க அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. போன் நல்லாத்தான் இருக்குதாமா."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை எனக்கு அந்த வேஷம் கிடைத்தது. எப்படிக் கிடைக்காமல் போகும்? அந்தப் பெண் மாதிரியே மூச்சு விட்டேன். நாடகத்தன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அம்மாவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் உதட்டையே பார்த்தார். அது இங்கிலீஷில் அசைந்தது, பாவம், அதில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்! பிறகு டாக்டரிடம் காட்டினோம். ரொம்ப முன்னாடியே வந்திருக்க வேண்டும், இப்போது காது மெஷின் வைத்தாலும் பெரிதாகப் பயனில்லை என்று சொல்லிவிட்டார். தறியை இன்னும் விடவில்லை அவர்.

இப்போது நான் சென்னையில் வேலை செய்கிறேன். சீமை நாடகங்களை அமைதியான அறையில், முழுச் சத்தத்தோடு பார்க்கிறேன். என் பேச்சும் மாறிவிட்டது. மெதுவாக, அழகாகப் பேசுகிறேன் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். அந்தக் குரல் அப்பாவுக்குத் தெரியாது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மனசு கேட்காமல் அவருக்கு எதிரே உட்கார்ந்து உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்துக் கேட்டேன். "என் குரலு உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களாப்பா?"

"இல்லாம என்ன சாமி?" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. "'அப்பா, தூக்கு தூக்கு'ன்னு கால வந்து கட்டிக்குவியே. கீச்சுன்னு இருக்கும். அப்பிடியே காதுல இருக்குது."

அப்போது எனக்கு நாலு வயசிருக்கும். அதற்கப்புறம் நான் பேசியது ஒன்றும் அவரிடம் இல்லை.