புதன்கிழமை ஆபரேஷனுக்கு நல்ல நேரம்

இன்று காலை ஆத்தூரிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில், என் பக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்தாள்.

முன் சீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார். "ஏளா, எத்தனாவது பிள்ளை? எப்ப நாள் சொல்லிருக்காவ?"

"ரெண்டாவதுக்கா. வார புதன்கிழமை ஆபரேஷன்."

அக்கா உச்சுக்கொட்டினார். "சுகப்பிரசவம் ஆகாதுன்னுட்டாவளா?"

"இல்லக்கா, நாந்தான் கேட்டேன். மூத்தவனுக்கு ஒன்றரை நாள் வலி. கடைசில அவசர அவசரமா ஆபரேஷன். என்ன நடக்குன்னே எனக்கு அப்ப தெரியல. இந்தத் தடவ டாக்டரம்மாகிட்ட நல்லது கெட்டது எல்லாத்தையும் கேட்டுட்டுதான் முடிவு பண்ணேன். இப்ப நல்லா தூங்குதேன்க்கா."

தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவள் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அக்கா விடவில்லை. "சோசியர்ட்ட நேரம் குறிச்சாச்சா?"

"மாமியார் குறிச்சு வாங்கிட்டு வந்தாவ. விடியக்காலம் நாலரை மணி. முடியாதுன்னுட்டேன். டாக்டரம்மா நல்லா தூங்கி எந்திச்சு, காப்பி குடிச்சுட்டு வார நேரம்தான்க்கா என் பிள்ளைக்கு நல்ல நேரம்."

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

ஏனென்றால், சோசியர் குறித்துக் கொடுத்த நிமிஷத்துக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பெற்றவள் நான். முடியாது என்று சொல்லலாம் என்பதே அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்த உத்தமமான நேரத்தில் பிறந்த என் மகன், மத்தியானம் நான் வீடு திரும்பியபோதும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டில் நேரம் குறித்துப் பிறந்தவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள்?