வாய் கட்டிய பெட்டி

சுவிட்சைப் போட்டதும் ‘உய்ய்’ என்ற இரைச்சல் கிளம்பும். பின்னாலேயே சுட்ட தூசியின் வாடையோடு வெதுவெதுவென்று காற்று வரும். அக்காவின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்து கரண்டு கொடுக்கும் ‘சப்ளை’யின் விசிறி அது. கோவில்பட்டி வீட்டின் முன்னறையில் அக்கா கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துக் கொடுத்தாள். “இந்த ஆடிக்குள்ள தொழில் நெலச்சு நிக்கலன்னா பெட்டிய வித்துருவேன், நீ தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போ” என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஆடிக் காற்றில் கரிசல் மண் சோற்றுப்பானை வரைக்கும் வரும். “லட்சுமி மேல மண்ணு விழலாமா?” என்று அம்மா பழைய பட்டுப்பாவாடையை வெட்டிப் பெட்டிக்கு உறை தைத்து, பின்பக்கம் முடிச்சுப் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

அந்த வாரம் விளாத்திகுளம் பக்கத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீஸ். மத்தியான பஸ்ஸுக்குக் கொண்டுபோக ஊர்க்கார அண்ணாச்சி வந்து உட்கார்ந்திருந்தார். இரைச்சல் ஏறியது, கரகரத்தது; பெட்டி அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடியும் அணைந்தது.

“பெட்டிக்கும் சாமி வந்துட்டோ தாயி? உறுமுது, உறுமுது, பொத்துனு விழுந்துருது!” என்றார் அண்ணாச்சி.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அம்மன் பேரு பாதியில நிக்குதே, என்ன குத்தமோ” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா வாசலில் நின்றார்.

பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்ட அக்கா சூடு தாங்காமல் கையை உதறினாள். “எம்மா, உள்ள இருக்க சூட்ட வெளிய தள்ளத்தானே அந்த விசிறி சுத்துது! நீ வாயக் கட்டிப் போட்டா அது எங்கன மூச்சு விடும்?”

உறையை அவிழ்த்தால், விசிறிக் கம்பியில் கரிசல் தூசி கம்பளிபோல் அடைந்து கிடந்தது. துடைத்து, சூடு தணியும்வரை காத்திருந்து, அக்கா முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். அம்மா பூசையறைக்குப் போய்ச் சாமிக்கு வீசும் மயில்விசிறியை எடுத்துவந்து, பெட்டிக்குப் பின்னால் நின்று வீசினாள். அவள் கை ஓய்ந்தபோது, “வீசு வீசு, நிப்பாட்டிராத!” என்றார் அப்பா. கடைசித் தாள் வெளியே வந்தபின்தான் அவர் உட்கார்ந்தார். விற்கிற பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

இன்று என் மகன் மடியில் வைத்துத் தட்டும் கம்ப்யூட்டர் மூச்சுக் காட்டுவதில்லை. ஆயுத பூசையன்று அதற்குப் பொட்டு வைக்கையில் என் காது அந்த இரைச்சலைத் தேடும். எந்தப் பக்கம் அது மூச்சு விடுகிறதென்று எனக்குத் தெரியாது. அதனால் நடுவில் ஒரே ஒரு பொட்டு, அதுவும் சின்னதாக.