அலுகோசு மாப்பிள்ளை

ஒரு குழந்தையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை என்று பேப்பரில் வாசித்த காலை, உப்புவெளி வீட்டுக் குசினியில் நின்று கத்தினேன். எங்கள் நாட்டில் தீர்ப்பு எழுதுவார்கள், தூக்கிலே போடமாட்டார்கள். அதுதான் எனக்குக் கொதி.

“நாளைக்கே தூக்கிலை போடோணும்!”

மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “ஆர் போடுறது?”

“அலுகோசு வேலைக்கு ஆள் எடுக்கட்டும்.” கைதிகளைத் தூக்கிலே போடுகிறவனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

“அரசாங்க உத்தியோகம். பென்சனும் வரும், என்ன?”

“ஓம்.”

மகளுக்கு மூன்று வருடமாக மாப்பிள்ளை தேடுகிறோம். கடலுக்குப் போகிற நல்ல பெடியன்களைக்கூட, பென்சன் இல்லை என்று திருப்பி அனுப்பியவன் நான்தான்.

“அப்ப அந்த அலுகோசு பொம்பிளை கேட்டு வந்தால் குடுப்பீங்களோ?”

“உனக்கென்ன விசரே? அந்தக் கையாலை என்ரை பிள்ளைக்குத் தாலி கட்டுறதோ?”

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். “நீங்கள் செய்யச் சொன்னதைத்தானே அந்தக் கை செய்தது?”

கொன்றவன்மேல் எனக்கு இன்றும் இரக்கம் வரவில்லை. ஆனால் என் வீட்டு வாசலில்கூட ஏற்றமாட்டாத ஒருவனை நம்பித்தான் அன்று அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன்.