மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்

சிக்னலில் வண்டி நிற்கிறது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக் கூட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, பேனாவால் அதன்மேல் தட்டிக்கொண்டிருக்கிறார். டக், டக், டக், கொஞ்சம் இடைவெளி, டக் டக். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்து வழியும் பெண்மணி, "சார், பச்சை விழுந்துருச்சு. நேராப் போகவா, திரும்பவா?" என்கிறார். "இருங்கம்மா, இந்தச் சுத்து முடியட்டும்," என்கிறார் மாஸ்டர். பின்னால் நிற்கும் வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்கின்றன. அடிப்பதைத் தாளத்தோடு அடிக்கக் கூடாதா என்பதுதான் அவருக்கு வருத்தம்.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் அவர் ஒரு லத்தீன் ஜாஸ் குழுவின் ஆள். அதில் பியானோ உண்டு, டிரம்பெட் உண்டு, இடுப்பளவு உயரத்தில் கொங்கா மேளங்கள் உண்டு. மாஸ்டர் கையில் இருப்பதோ ஒரு சாண்கூட இல்லாத இரண்டு உருண்டைக் கட்டைகள். கிளாவே என்று பெயர். முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டு. பாட்டு முடியும்வரை இந்த ஐந்தை இம்மியும் பிசகாமல் தட்ட வேண்டும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசிப்பார்கள்.

"இவ்வளவுதானா சார் உங்க வேலை?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "பிரேக்கும் இவ்வளவுதாங்க. அதைக் கழட்டி வச்சுட்டு ஓட்டிப் பாருங்களேன்," என்பார். அவர் மனைவிக்கு இந்தப் பதில் செல்லாது. "கல்யாணம் ஆன நாள்லேருந்து அதே அஞ்சுதான். ஆறாவதா ஒண்ணு கத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்கிறார்.

கட்டைகளைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார். குளிர்ந்தால் அவற்றுக்குத் தொண்டை கட்டிவிடுமாம். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் ஏறினாலும், தன் பக்கம் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருகிறார். வீட்டில் மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டால் எழுந்து நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்கிறார். தாளம் தப்பிய காற்று அவருக்கு வேண்டாம்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் இந்த வருஷம் கால்கள் நுழைந்தன. பியானோ வாசிக்கும் அம்மாள்தான் குழுவின் தலைவி. பகலில் மருந்துக்கடை நடத்துகிறார். "நம்ம பாட்டைக் காதால கேட்டது போதும், இனிமே கண்ணாலயும் பாக்கட்டும்," என்று சொல்லி, ஆளுக்கொரு வழியில் ஆடும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஒருவர் சலவைக்கடை அக்கா. குதிகாலால் தரையைத் தட்டி ஆடும் ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ ஆடுபவர். ஆணி அடித்த குதிகால் செருப்போடு வந்து, முதல் நாளே ஒத்திகை அறையின் பலகை ஒன்றைப் பிளந்துவிட்டார். "பலகையை நான் மாத்தித் தந்துடறேன். தம்பி, நீங்க தட்டுறதை மட்டும் மாத்திடாதீங்க," என்றார். அந்தச் சொல்லில் மாஸ்டர் உருகிப்போனார்.

அடுத்தவர் பல் டாக்டர். பரதநாட்டியம் ஆடுபவர். சலங்கையைக் கட்டிக்கொண்டு, ஜதியை வாயால் சொல்லி, காலால் மிதித்து, கடைசி மிதியைக் கச்சிதமாகக் கொண்டுபோய் வைத்தார். எங்கே? மாஸ்டரின் மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், யாரும் தட்டாமல் சும்மா கிடக்கும் அந்த இடைவெளியில்.

மாஸ்டர் கட்டையைக் கீழே இறக்கினார். "டாக்டரம்மா, அது காலி இடம். அங்க யாரும் வரக் கூடாது."

"காலியா இருந்தாத்தானே மாஸ்டர் வர முடியும்?"

"அது நிறுத்துறதுக்கு விட்ட இடம் இல்லம்மா. மூச்சு விடுறதுக்கு."

"நீங்க மூச்சு விடுங்க. நான் மிதிச்சுக்கறேன்."

கொங்காக்காரர் மேளத்தின்மேல் கவிழ்ந்து சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. வாரக்கணக்கில் இந்த வழக்கு நடந்தது. கணக்குப்படி டாக்டர் செய்தது தப்பே இல்லை. அவருடைய ஜதி அங்கேதான் முடிய வேண்டும். அது தெரிந்ததால்தான் மாஸ்டருக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று. கடைசியில் தலைவி பொறுமை இழந்தார். "ரெண்டு பேரும் ஒத்துப்போகலைன்னா, கட்டை இல்லாமலே நிகழ்ச்சி நடக்கும். பாத்துக்குங்க." மாஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நிகழ்ச்சி நூலகத்தின் அரங்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அன்று காலை பல் தேய்க்கும்போதே அவர் தானாகச் சிரித்ததை மனைவி பார்த்துக் கவலைப்பட்டார். மாஸ்டர் ஒரு திட்டம் போட்டிருந்தார். அந்தக் காலி இடத்தில் டாக்டர் கால் வைப்பதற்குள் தானே ஒரு தட்டு தட்டிவிடுவது. இடம் பிடிபட்டுவிட்டால் அந்த அம்மாள் எங்கே போய் மிதிப்பார்?

பாட்டு சூடுபிடித்தது. அக்காவின் குதிகால் ஒரு பக்கம் பொரிந்தது. டாக்டரின் ஜதி மறுபக்கம் ஏறி ஏறி முடிவுக்கு வந்தது. மாஸ்டர் மூன்றைத் தட்டினார். வழக்கத்தைவிட உயரமாகக் கட்டையை ஓங்கினார். அடித்தார்.

டக்.

டாக்டரின் கால் கீழே வரவில்லை. முழங்கால் மடங்கி, பாதம் அந்தரத்தில் நின்றது. சலங்கை ஒரு மணிகூட அசையவில்லை. அரங்கம் முழுக்க மாஸ்டரின் ஒற்றைத் தட்டு மட்டும், குளித்துவிட்டுத் துண்டில்லாமல் வெளியே வந்துவிட்ட ஆள்போல நின்றது. டிரம்பெட் வாயிலிருந்து இறங்கியது. பியானோ நின்றது. எத்தனையோ வருஷமாக அடுத்தவர் தப்பைப் பிடித்தவர், ஊர் பார்க்கத் தானே தாளத்தை உடைத்துவிட்டார். காது இரண்டும் அவருக்குக் கொதித்தன.

அந்த நிசப்தத்தில் அக்கா தன் மூலையிலிருந்து குதிகாலால் ஒரு போடு போட்டார். டொக். யாரோ கதவைத் தட்ட, யாரோ உள்ளிருந்து பதில் சொன்னது போலிருந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்துக் கைதட்டியது. மாஸ்டர் பதறிப்போய் மூன்றைத் தட்டினார். நடுவில் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். டாக்டரின் பாதம் அந்த இடத்தில் பூப்போல இறங்கியது. பிறகு அவருடைய இரண்டு. பியானோ வந்து சேர்ந்தது, எல்லாம் வந்து சேர்ந்தது.

முடிந்தபின் ஒருவர் வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த ஒத்தைத் தட்டு இருக்கே சார்! எத்தனை நாள் ஒத்திகை பாத்தீங்க?" மாஸ்டர் இருமினார்.

உடை மாற்றும் அறை வாசலில், சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் போய் நின்றார். "ஏம்மா காலை வைக்கல?"

"நீங்க கட்டையை ஓங்கினதைப் பாத்தேன் மாஸ்டர். சரி, இவருக்கு ஏதோ அவசரம், வழி விட்டுடுவோம்னு விட்டேன்."

மாஸ்டர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். டாக்டர் பல்லைக் கவனித்தார். "உள்ள ஒண்ணு சொத்தையா இருக்கு. செவ்வாய்க்கிழமை வாங்க," என்றார்.

இப்போது ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அந்தத் தட்டு வேண்டும் என்று தலைவி கட்டாயப்படுத்துகிறார். மாஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தட்டுகிறார்.

போன ஒத்திகையில் எல்லாரும் தேநீர் குடிக்க வெளியே போன நேரம். மாஸ்டர் கதவுக்கு வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றினார். கால்சட்டையைக் கணுக்காலுக்குமேல் சுருட்டினார். பியானோவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் மூன்றைச் சொல்லி, வலது காலை மெதுவாகத் தூக்கினார். முழங்கால் நடுங்கியது. கீழே வைக்கவில்லை.